யூரையா ஹீப் யாருடைய நகலும் அல்ல

1970-இல் யூரையா ஹீப் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தபோது அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர், இந்தக் குழு வெற்றி பெற்றுவிட்டால் நான் தற்கொலை செய்துகொள்ள வேண்டியதுதான் என்கிற அளவுக்குப் போனார். ராக் இசை பற்றிய கட்டுரைகளில் அந்த வாசகம் இன்றும் ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சுற்றி வருகிறது. துணுக்கைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அதற்குள் இருந்த தீர்ப்பை மட்டும் கேள்வி கேட்காமல் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். லெட் செப்பலின், டீப் பர்பிள், பிளாக் சபாத் மூன்றும் பிரிட்டிஷ் ஹார்ட் ராக்கின் முதல் வரிசை. யூரையா ஹீப் அவர்களைப் பார்த்து எழுதியவர்கள், இரண்டாம் வரிசை. இந்த வரிசை பாடப்புத்தக வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்படுகிறது. இந்தக் குழுவின் ‘ஜூலை மார்னிங்’ பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அதற்கும் தயாராக ஒரு வாக்கியம் உண்டு: நீளம் அதிகம், ஆடம்பரம் அதிகம், சொற்கள் குழந்தைத்தனம், கிழக்கு ஐரோப்பாவில் எப்படியோ பிடித்துப்போயிற்று.

அந்த ‘எப்படியோ’ என்ற சொல்லில் இருக்கிற அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பாதித் தீர்ப்பு தவறு. இரண்டாம் பாதி தவறு மட்டுமல்ல, ஒரு நாட்டு மக்களின் காதையே அவமதிப்பது.

நகல் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டீப் பர்பிளின் ‘இன் ராக்’ வெளியானது 1970 ஜூன். யூரையா ஹீப்பின் முதல் தட்டு வெளியானதும் அதே ஜூன். கடைக்கு ஒரே மாதத்தில் வந்த இரண்டில் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்க முடியாது. மேற்கு லண்டனில் ஹான்வெல் சமூகக் கூடத்தில் இரண்டு குழுக்களுமே ஒத்திகை பார்த்தவை என்பது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கத்து ஓசை இந்தப் பக்கம் கேட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சுவர் ஒரு பக்கம் மட்டும் ஓசையைக் கடத்துவதில்லை. ஹேமண்ட் ஆர்கனை ஆம்ப்ளிஃபயரில் முறுக்கி கிட்டாருக்கு இணையாக உறுமவைப்பது அன்றைய லண்டன் காற்றில் இருந்த விஷயம். அதில் முதலில் பேர் வாங்கியவர் டீப் பர்பிளின் ஜான் லார்ட் என்பதற்காக, அதே கருவியின் முன் உட்கார்ந்த யூரையா ஹீப்பின் கென் ஹென்ஸ்லி திருடன் ஆகிவிடமாட்டார்.

‘ஜூலை மார்னிங்’ என்பது டீப் பர்பிளின் ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் நிழல் என்று சொல்பவர்கள் ஒரு படி கூடுதலாகப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் அந்தப் புகழ்பெற்ற ஆர்கன் தொடக்கம், சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ குழு 1969-இல் வெளியிட்ட ‘பாம்பே காலிங்’ என்ற வயலின் உருப்படியிலிருந்து எடுத்தது. பாடகர் இயன் கில்லனே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, பாட்டில் அவர் பெயரும் சேர்ந்தது. இதனால் அந்தப் பாட்டுகள் சிறுமைப்பட்டுவிட்டன என்று யாரும் எழுதவில்லை, நானும் எழுதமாட்டேன். எடுத்ததை என்ன ஆக்கினார்கள் என்பதுதான் கேள்வி. பெரியவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். யூரையா ஹீப்புக்கு வரும்போது மட்டும் எங்கிருந்து எடுத்தாய் என்று மடக்குகிறோம். ஒரே கடையில் இரண்டு படிக்கல் வைத்து நிறுக்கும் வேலை இது.

அவர்கள் ஆக்கியது என்ன? குரல்கள். டீப் பர்பிள் கில்லன் என்ற ஒற்றைத் தொண்டையை நம்பி நின்றது. செப்பலினில் ராபர்ட் பிளாண்ட் தனியாள். யூரையா ஹீப்பில் டேவிட் பைரன் முன்னால் பாட, ஹென்ஸ்லியும் மிக் பாக்ஸும் மற்றவர்களும் பின்னால் அடுக்கடுக்காக ஒத்திசைத்தார்கள். கனத்த கிட்டாருக்கு மேலே கோயர் போல எழுந்து நிற்கும் அந்தக் கூட்டுக்குரல் 1970-இல் வேறு எந்த ஹார்ட் ராக் குழுவிடமும் இந்த அளவுக்கு இல்லை. இதைக் கேட்காமல் ஆர்கனை மட்டும் கேட்டுவிட்டு நகல் என்று எழுதியவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் குழு வெளியிட்ட எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது என் நோக்கம் அல்ல. எழுபதுகளின் பிற்பாதியில் சோர்ந்துபோன தட்டுகள் உண்டு. 1980-இல் வந்த ‘கான்குவெஸ்ட்’ எனக்கு ஒரு முறைக்கு மேல் கேட்க முடியாதது. ஆள் மாற்றங்களைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. தொடக்கம் முதல் இன்றுவரை இருப்பவர் கிட்டார்க்காரர் மிக் பாக்ஸ் ஒருவரே. ஆனால் ஒரு குழுவை அதன் சோர்ந்த நாட்களால் அளப்பது என்றால் முதல் வரிசைக்காரர்களில் யார் தப்புவார்கள்?

இனி ‘ஜூலை மார்னிங்’ பாட்டுக்கு வருகிறேன். 1971-இல் லண்டன் லான்ஸ்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. ‘லுக் அட் யுவர்செல்ஃப்’ என்ற மூன்றாவது தட்டில் இடம்பெற்றது. எழுதியவர்கள் ஹென்ஸ்லியும் பைரனும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்த நீளத்தைத்தான் விமர்சகர்கள் ஆடம்பரம் என்றார்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு நீளமே குற்றம் என்ற வாதம் புரிவதே கடினம். கேட்க வேண்டியது வேறு: அந்தப் பத்து நிமிடம் எதற்காகச் செலவாகிறது?

முதலில் ஆர்கன். அவசரமே இல்லாமல் எழுகிறது. கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒரு பெரிய முழக்கமாகிறது. கேட்பவர் அந்த முழக்கம் தொடரும் என்று நினைக்கும்போது எல்லாம் அடங்கிவிடுகிறது. பைரன் பாடத் தொடங்குவது ஏறக்குறைய பேச்சுக் குரலில். ஜூலை மாதத்து விடிகாலை ஒன்றில் அன்பைத் தேடி ஒருவன் கிளம்புகிறான்; கதை அவ்வளவுதான். குரல் படிப்படியாக ஏறி, உச்சத்தில் கிட்டத்தட்டக் கதறலாகிறது. மறுபடி அடங்குகிறது. நடுவில் சொற்களே இல்லாமல் வெறும் ‘லா லா’ என்று எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் வருகிறது. கடைசி மூன்று நான்கு நிமிடங்களில் பாடகர் விலகிக்கொள்கிறார். ஒரே சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப நடை போட, அதன் மேல் ஒரு சிந்தசைசர் சுழன்று சுழன்று எழுகிறது.

அந்தச் சிந்தசைசரை வாசித்தவர் குழுவைச் சேர்ந்தவர் அல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனில் பெயர் பெற்ற மேன்ஃப்ரட் மேன், விருந்தாளியாக வந்து வாசித்தார். கருவி மினிமூக். அது சந்தைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பல ராக் குழுக்கள் அதை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத நேரம். நகல் எடுக்கும் குழு, யாரும் இன்னும் சரியாகப் பழகாத ஒரு கருவியை ஏன் அந்தத் தட்டின் மிக நீளமான பாட்டின் கடைசிப் பகுதி முழுவதிலும் நம்பி இறக்குகிறது? இதற்கு நகல் வாதிகள் யாரும் பதில் சொல்லிப் பார்த்ததில்லை.

‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ இடம்பெற்ற தட்டு வெளியானது 1971 நவம்பர். ‘லுக் அட் யுவர்செல்ஃப்’ அதற்கு முன்பே கடைகளில் இருந்தது. இதைச் சொல்வது யார் முந்தி என்று பந்தயம் கட்ட அல்ல. செப்பலின் தங்கள் பாட்டை அந்த ஆண்டு மார்ச் முதலே மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகத் தொடங்கி மலையேறும் நீண்ட பாட்டு அந்த ஆண்டின் பொதுத் தாகம் என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். அதே தாகத்துக்கு ஒருவருக்கு மகுடமும் மற்றவருக்கு ஏளனமும் கிடைத்தது.

சொற்கள் குழந்தைத்தனம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. எளிமை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். டீப் பர்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி எரிந்ததை ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாம் வைத்துச் சொல்கிறது. நல்ல பாட்டு, ஆனால் அது மோன்ட்ரோவின் பாட்டு, வேறு ஊருக்குக் குடிபெயர முடியாது. ‘ஜூலை மார்னிங்’ பாட்டில் ஊர் இல்லை, பெயர் இல்லை, யார் யாரைப் பிரிந்தார் என்பது இல்லை. ஒரு மாதம், ஒரு பொழுது, ஒரு தேடல். ஆங்கிலம் தெரியாதவன்கூடப் பாதிப் பாட்டைச் சேர்ந்து பாடிவிட முடியும். இதை வறுமை என்று லண்டன் மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். பல்கேரியாவின் கடற்கரையில் இருந்தவர்கள் இதை ஒரு திறந்த கதவாகப் பார்த்தார்கள்.

பல்கேரியாவில் ஆண்டுதோறும் ஜூன் 30 இரவு, கருங்கடல் கரைக்கு மக்கள் திரண்டு வருகிறார்கள். வார்னா, புர்காஸ், வடக்கே காவர்னாவுக்கு அருகில் பாறைக் கரையோரம் இருக்கும் கமென் ப்ரியாக் என்ற சிற்றூர். முதுகுப்பையோடு, கூடாரத்தோடு, கிட்டாரோடு. வழிப்போக்கு வண்டிகளில் கை காட்டி ஏறி வருவது ஒரு காலத்தில் அதன் பகுதியாகவே இருந்தது. இரவெல்லாம் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்து, ஜூலை முதல் தேதி ஐந்தரை மணியை ஒட்டிச் சூரியன் கடலிலிருந்து எழுவதை எதிர்கொள்கிறார்கள். அந்த வழக்கத்தின் பெயரே ‘ஜூலை மார்னிங்’, செல்லமாக ‘ஜூலாயா’. அந்தப் பாட்டு அங்கே பாடப்படுகிறது. லண்டனில் ஐந்து இளைஞர்கள் பதிவு செய்த ஒரு பாட்டு இன்னொரு நாட்டின் ஆண்டுக் கணக்கில் ஒரு நாளாகவே உட்கார்ந்துவிட்டது. முதல் வரிசைக் குழுக்களின் எந்தப் பாட்டுக்கு இது நடந்திருக்கிறது? எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இந்த இடத்தில்தான் எதிர்வாதிகள் தங்கள் வலுவான ஆயுதத்தை எடுக்கிறார்கள். கம்யூனிச ஆட்சியில் மேற்கத்திய இசைக்குப் பஞ்சம். பசித்தவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் விருந்து. எனவே பல்கேரியர்கள் காட்டிய அன்பு பாட்டின் தரத்துக்குச் சான்று ஆகாது என்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் உதிர்ந்துவிடும்.

தோதோர் ஷிவ்கோவ் ஆட்சிக்கால பல்கேரியாவில் ராக் இசை கைக்குக் கை மாறும் தட்டுகளாகவும், நாடாவில் எடுத்த பிரதிகளாகவும், எல்லை தாண்டி வந்த வானொலி அலையாகவும் பரவியது. அதே வழிகளில் டீப் பர்பிளும் வந்தது, லெட் செப்பலினும் வந்தது, பிங்க் ஃபிளாய்டும் வந்தது. டீப் பர்பிள் அங்கே கொண்டாடப்பட்ட குழு. கடத்தி வரும் பையில் இந்த ஒரு தட்டு மட்டும் இருந்ததில்லை. எல்லாம் கையில் இருந்தபோது கடற்கரைக்கு எடுத்துப்போக அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்தப் பாட்டை. பசித்தவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான் என்பவர்கள், பசித்தவனுக்கு நாக்கு இல்லை என்று சொல்கிறார்கள். அரிதாகக் கிடைத்த ஒரு நாடாவைத் தேயத் தேயக் கேட்டவனை விட, வாரம் இருபது இலவசத் தட்டுகள் மேசைக்கு வந்து விழும் மதிப்புரைக்காரர் கவனமாகக் கேட்டிருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று. ஷிவ்கோவ் 1989 நவம்பரில் பதவி இழந்தார். எல்லைகள் திறந்தன. கடைகளுக்கு எல்லாத் தட்டுகளும் வந்தன. பிறகு இணையத்தில் உலகத்தின் முழு இசையும் வந்தது. பஞ்சம் தீர்ந்தால் பஞ்சத்து உணவை மக்கள் மறந்துவிட வேண்டும். ‘ஜூலை மார்னிங்’ மறக்கப்படவில்லை, பெரிதானது. அந்த ஆட்சியைப் பார்த்தே இராத பிள்ளைகள் இன்று அந்தக் கரையில் இருக்கிறார்கள். பஞ்ச வாதத்திடம் இதற்குப் பதில் கிடையாது.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதைப் பல்கேரியர்களே பல விதமாகச் சொல்கிறார்கள். எண்பதுகளில் ஹிப்பி மனம் கொண்ட இளைஞர்கள் சிலர் தொடங்கினார்கள் என்பது பொதுவான கதை. அது ஆட்சிக்கு எதிரான மௌன எதிர்ப்பு என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள், அந்தப் பெருமை பின்னால் ஒட்டவைத்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். வீரக் கதையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. கூட்டம் சேர்ந்தால் விசாரிக்கும் அரசு இருந்த நாட்டில், யாரும் கூப்பிடாமல், மேடை இல்லாமல், தலைவர் இல்லாமல், முழக்கம் இல்லாமல் சிலர் சேர்ந்து சூரியனைப் பார்த்தார்கள். அதற்கு எதிர்ப்பு என்று பெயர் வைக்காவிட்டாலும் அதன் கனம் குறைவதில்லை.

பாட்டுக்கும் வழக்கத்துக்கும் உறவே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது என்பது கடைசி வாதம். பல்கேரியர்களுக்கு ஜூன் 24-ஆம் தேதி ‘என்யோவ்தென்’ என்ற பழைய கோடைத் திருநாள் இருக்கிறது. அன்று விடியலில் சூரியனைப் பார்ப்பதும் மூலிகை பறிப்பதும் தொன்று தொட்டு வருவது. அதற்குத்தான் இப்போது ராக் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். பழைய திருநாளின் ஞாபகம் உள்ளே ஓடியிருக்கலாம். ஆனால் அந்தத் திருநாள் இருக்கும்போதே, ஒரே வாரத்தில், இன்னொரு விடியலை ஏன் அவர்கள் தனியாக உண்டாக்கிக்கொண்டார்கள்? அந்த விடியலைத் தந்தது இந்தப் பாட்டு. அதன் அமைப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். நீண்ட காத்திருப்பு, அடங்கல், மெல்ல ஏறும் குரல், கூட்டமாகப் பாட ஒரு சொல்லற்ற இடம், பாடகன் விலகியபின் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நீண்ட முடிவு. ஓர் இரவை விழித்துக் கழிக்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. நாலு நிமிடப் பாட்டாக வெட்டியிருந்தால் வானொலிக்கு வசதி, கரைக்கு உதவியிருக்காது. விமர்சகர்கள் குறையென்று எண்ணிய ஒவ்வொன்றும், அந்த நீளம், அந்த எளிமை, அந்த வெட்கமில்லாத உணர்ச்சி, இங்கே வேலை செய்கிறது.

டேவிட் பைரனை நினைக்கும்போது எனக்குக் கோபம் கூடுகிறது. மேடையில் அவ்வளவு மிடுக்கு, தொண்டையில் அவ்வளவு நெகிழ்வு. குடி அவரைத் தின்றது. 1976-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1985 பிப்ரவரியில், முப்பத்தெட்டு வயதில் இறந்தார். தான் பாடிய விடியல் எந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவர் காதில் விழுந்தது இரண்டாம் வரிசை என்ற பேச்சுதான்.

அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த ஜான் லாட்டனுக்குக் கொடுப்பினை இருந்தது. மூன்றாண்டு போலத்தான் குழுவில் இருந்தார். பாட்டைப் பதிவு செய்தவரும் அவர் அல்ல. ஆனால் பிற்காலத்தில் பல்கேரியாவைத் தன் இரண்டாம் வீடாக்கிக்கொண்டு, கமென் ப்ரியாக்கில் ஜூலை முதல் தேதி விடியலில் பல ஆண்டுகள் இதை நின்று பாடினார். அந்த நாட்டைப் பற்றித் தொலைக்காட்சிப் படங்கள் செய்தார். 2021 ஜூன் 29 அன்று, அந்த இரவுக்கு ஒரு நாள் முன்னால், இறந்துபோனார்.  லண்டன் பத்திரிகைக்கு அவர் ஒரு முன்னாள் பாடகர்; அங்கே அவர் வீட்டு மனிதர்.

பல்கேரியா மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்லிவிட முடியாது. யூரையா ஹீப்பின் ‘லேடி இன் பிளாக்’ பாட்டு மேற்கு ஜெர்மனியில் 1977-இல் மறுபடி வெளிவந்து பட்டியலில் மாதக்கணக்கில் நின்றது. அங்கே எந்தப் பஞ்சமும் இல்லை. 1987 டிசம்பரில் மாஸ்கோவின் ஒலிம்பிஸ்கி அரங்கில் பத்து இரவுகள் வாசித்தார்கள். அந்த அரங்குக்கு அப்படிப் போன முதல் மேற்கத்திய ஹார்ட் ராக் குழுக்களில் அவர்களும் ஒன்று. பெரிய பெயர்கள் பின்னால்தான் வந்தன. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்ற சொற்களை அந்த அரங்கின் வாசலில் நின்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் பிளாக் சபாத் 2006-இல் சேர்க்கப்பட்டது. டீப் பர்பிள் 2016-இல். யூரையா ஹீப்புக்கு இன்னும் அங்கே இடம் இல்லை. அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று மன்றாட நான் எழுதவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். கென் ஹென்ஸ்லி 2020 நவம்பரில் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பல்கேரியா பெரும்பாலும் வரவேயில்லை; வந்த இடத்திலும் கடைசிப் பத்தியில், ஒரு விநோதத் தகவலாக, போகிறபோக்கில். அந்தத் தகவல் முதல் பத்தியில் இருக்க வேண்டும். இவர் எழுதிய ஒரு பாட்டுக்காக ஒரு நாட்டு மக்கள் நாற்பது ஆண்டாக இரவெல்லாம் விழித்திருந்து சூரியனைப் பார்க்கிறார்கள் என்று தொடங்கிவிட்டு, அதன்பிறகு, இடம் இருந்தால், எந்த இதழ் என்ன திட்டியது என்று எழுதலாம்.